கருமணலிலிருந்து கடைவாய்வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் வள்ளியாறு கடலைத் தொடும் இடத்தருகே இருக்கிறது மணவாளக்குறிச்சி. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி வீசும் மாதங்களில் அங்கே கடற்கரையின் நிறமே மாறிப்போகும். வெளிர்மணலை அலை உள்ளிழுத்துக்கொண்டு போக, கனத்த கருமணல் கரையிலேயே தங்கி அடுக்கடுக்காகப் படியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் இற்று, ஆற்றோடு வந்து சேர்ந்த துகள்கள் அவை. சாதாரண மணலின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கருமணலின் முக்கியத் தாதுக்களோ நான்கு மடங்கைத் தாண்டும். இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கடல் ஓயாமல் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த மணலை ஒரு கை அள்ளினால் அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் எல்லாம் கலந்திருக்கும். இவற்றில் இரண்டின் வாழ்க்கையைத்தான் இங்கே பின்தொடர்கிறேன். கன்னங்கரிய இல்மனைட்டுக்குள் டைட்டானியம் இருக்கிறது. நிறமில்லாமலும் தவிட்டு நிறத்திலும் மின்னும் சிர்கானுக்குள் சிர்கோனியம் இருக்கிறது. முதலாவது, பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் இறக்கும் இம்ப்ளான்ட் ஆகிறது. இரண்டாவது, உடைந்த பல்லின்மேல் போடும் வெள்ளைக் கேப் ஆகிறது. பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தபடி “கேப் போடலாமா, இம்ப்ளான்ட் வைக்கலாமா” என்று குழம்புகிறவருக்குத் தெரியாது, அவர் முன்னால் இருக்கும் இரண்டு வழிகளும் ஒரே கரையில் ஒதுங்கியவை என்று.

உலகச் சந்தைக்கு இந்தத் தாதுக்கள் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக் போன்ற நாடுகளின் கடற்கரைகளிலிருந்தும் பெருமளவில் வருகின்றன. இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே உள்ள புல்மோட்டையின் மணல், உலகிலேயே மிகச் செறிந்த படிவுகளில் ஒன்று. எங்கே பிறந்தாலும் பிறப்பின் விதம் ஒன்றுதான்: பாறை, மழை, ஆறு, அலை.

மணவாளக்குறிச்சி மணல் வெளியுலகின் கண்ணில் பட்டது கயிற்றின் வழியாக. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், 1909இல் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அக்காலத்து எரிவாயு விளக்குகளின் மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. அது மோனசைட்டில் இருந்தது. கரிய இல்மனைட்டை அப்போது யாரும் சீந்தவில்லை. அதிலிருந்து தூய வெள்ளை வண்ணப்பொடி எடுக்கும் தொழில் வளர்ந்த 1920களில்தான் அதற்கு மதிப்பு வந்தது. இன்றும் டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெள்ளைப் பொடியாகவே போகிறது. சுவர்ப் பூச்சிலும் காகிதத்திலும் இருக்கும் அதே பொடி, பல பற்பசைகளை வெள்ளையாகக் காட்டுவதற்கும் சேர்க்கப்படுகிறது. உலோகமாகும் பங்கு மிகச் சிறியது. அதிலும் மனித உடலுக்குள் போவது இன்னும் சிறியது.

இந்த மணலுக்கு உள்ளூர் மக்கள் கொடுக்கும் விலையையும் சொல்லாமல் மேலே போகக் கூடாது. மோனசைட் இருப்பதால் அந்தக் கரையோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். மணலை அள்ளினால் கடல் ஊருக்குள் வரும் என்ற அச்சம் மீனவக் கிராமங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்துக் கடலோர மக்கள் அண்மையில் புதிய அகழ்வுத் திட்டத்தை எதிர்த்துத் திரண்டார்கள். வாய்க்குள் போகும் பொருளுக்கும் ஒரு கடற்கரை இருக்கிறது, அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள்.

ஆலைக்கு வந்த மணல் காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் முன்னால் நிறுத்தப்படுகிறது. இல்மனைட் காந்தத்தின் பக்கம் சாயும், மின்சாரத்தையும் கடத்தும். ரூட்டைல் காந்தத்துக்கு மசியாது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். சிர்கான் இரண்டுக்கும் அசையாது. இந்தக் குணங்களைக் கொண்டே ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒதுக்குகிறார்கள். நெடுங்காலம் ஒன்றாக உருண்ட இல்மனைட்டும் சிர்கானும் இங்கே பிரிகின்றன.

இரண்டின் உள்ளேயும் இருந்த தனிமங்களை உலகம் அறிந்ததில் ஒரே மனிதருக்குப் பங்கு உண்டு. பெர்லினில் மருந்தாளராக இருந்து வேதியியலாளரான மார்ட்டின் ஹைன்ரிக் கிளாப்ரோத், 1789இல் இலங்கையிலிருந்து போன சிர்கான் கல்லைச் சோதித்து அதில் ஒரு புதிய தனிமத்தின் ஆக்சைடு இருப்பதாக அறிவித்தார். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார், ஓடைக்கரையின் கரிய மணலிலிருந்து டைட்டானியத்தை முதலில் இனங்கண்டார். 1795இல் கிளாப்ரோத் வேறொரு தாதுவில் அதையே கண்டு, இன்றுள்ள பெயரைச் சூட்டினார்.

கண்டுபிடித்தது ஒன்று, கையில் எடுப்பது வேறு. டைட்டானியம் ஆக்சிஜனை விடவே விடாது. சூடாக்கினால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு நொறுங்கும் பொருளாகிவிடும். இரும்பைப் போல் கரியோடு சேர்த்து உருக்கி எடுக்க முடியாது. 1910இல் அமெரிக்காவில் மாத்யூ ஹன்டர் சோடியத்தின் உதவியால் தூய உலோகத்தைப் பிரித்தார். தொழிலுக்குத் தோதான வழியை 1930களில் லக்சம்பர்க்கில் வில்லியம் கிரோல் கண்டார். தாதுவைக் கரியோடு சேர்த்துக் குளோரின் வாயுவில் சுட்டால் டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவம் கிடைக்கிறது. ஈரக்காற்று பட்டதும் வெண்புகை கக்கும் திரவம். அதை வடித்துத் தூய்மையாக்கி, ஆர்கான் வாயு நிரப்பிய கலத்தில் உருகிய மக்னீசியத்தோடு சேர்த்தால், குளோரினை மக்னீசியம் எடுத்துக்கொள்ள, துளைதுளையான சாம்பல்நிறக் கட்டியாக டைட்டானியம் நிற்கும். அதைத்தான் ஸ்பான்ஜ் என்கிறார்கள். வெற்றிடத்தில் மறுபடி உருக்கிய பிறகே அது பாளமாகும், தண்டாகும். மணவாளக்குறிச்சிக்கு வடக்கே கேரளத்தின் சவறாவில் 2011இல் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு 500 டன் ஸ்பான்ஜ் எடுக்கும் திறனோடு, விண்வெளித் துறையின் தேவைக்காகக் கட்டப்பட்டது.

ஆக்சிஜன் மீது இந்த உலோகத்துக்கு உள்ள தீராத பிடிப்பே பின்னால் மனிதத் தாடைக்கு வரமானது. வெட்டிய டைட்டானியத்தின் மேற்பரப்பு காற்றுப் பட்ட கணமே ஆக்சைடு படலத்தால் மூடிக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். உடலின் உப்புநீர் அந்தப் படலத்தைத் தாண்டி உலோகத்தை அரிப்பதில்லை. எலும்பு பார்ப்பதும் அந்தப் படலத்தைத்தான், உலோகத்தை அல்ல.

இதை எலும்புதான் மனிதனுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1950களின் தொடக்கத்தில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனேமார்க் என்ற மருத்துவர் முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதை நேரடியாகப் பார்க்க விரும்பினார். நுண்ணோக்கி வழியே பார்ப்பதற்கான ஒரு சிறு கலத்தை டைட்டானியத்தில் செய்து எலும்புக்குள் பொருத்தினார். ஆய்வு முடிந்து கலத்தைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதன்மேல் படர்ந்து இறுகப் பற்றியிருந்தது. அவர் தேடியது இரத்த ஓட்டம்; கிடைத்தது இது. விலையுயர்ந்த கருவி வீணாயிற்றே என்று ஒதுக்கிவிடாமல், அது ஏன் ஒட்டியது என்று கேட்டதில் அவருடைய பெருமை இருக்கிறது.

அதுவரை தாடையில் உலோகம் வைத்தவர்கள் பலர். பெரும்பாலும் உலோகத்தைச் சுற்றி உடல் நார்த்திசுவால் ஒரு உறை கட்டும். மெல்ல மெல்ல ஆடத் தொடங்கும். சீழ் பிடித்து வெளியே வரும். பிரோனேமார்க் இரண்டு பிடிவாதங்களைக் கொண்டுவந்தார். முதலாவது, எலும்பைத் துளைக்கும்போது அதைச் சுடவிடக் கூடாது. பிற்காலத்தில் அவருடைய குழுவினர் முயல் எலும்பில் காட்டியபடி, 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடும். ஆகவே மெதுவாக, உப்புநீரைப் பாய்ச்சியபடி துளைக்க வேண்டும். இரண்டாவது, திருகாணியை இறக்கியதும் அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது. ஈறைத் தைத்து மூடிவிட்டு, கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டும். 1965இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவர் அவருடைய முதல் நோயாளியானார். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறையும் உள்ளவர். சரியாக மெல்ல முடியாமல் வாழ்ந்தவர். அவர் கீழ்த்தாடையில் நான்கு திருகாணிகள் இறக்கப்பட்டன. 2006இல் அவர் இறக்கும்வரை நாற்பதாண்டுகளாக அவை உழைத்தன.

மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. பல் மருத்துவரல்லாத ஒருவர் சொல்வதைக் கேட்கச் சுவீடனின் பல் மருத்துவத் துறையினரே பல ஆண்டுகள் மறுத்தார்கள். 1982இல் டொரான்டோவில் ஜார்ஜ் ஸார்ப் கூட்டிய மாநாட்டில் பிரோனேமார்க் குழுவின் நீண்டகாலப் பதிவுகள் வட அமெரிக்க வல்லுநர்கள் முன் வைக்கப்பட்ட பிறகே கதவு திறந்தது. அதற்குள் இம்ப்ளான்டைத் தொழிற்சாலையில் செய்யத் துணைக்கு வந்திருந்த நிறுவனம், நம் ஊர்ச் செய்தித்தாள்களில் பீரங்கிக்காகப் பின்னால் அடிபட்ட அதே போஃபர்ஸ்.

இன்று ஒரு இம்ப்ளான்ட் பொதுவாக மூன்றரை முதல் ஐந்து மில்லிமீட்டர் விட்டமும் எட்டு முதல் பதின்மூன்று மில்லிமீட்டர் நீளமும் உள்ள திருகாணி. ஒரு கிராம்கூட இராது. கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில் தண்டிலிருந்து வெட்டுகிறார்கள். பிறகு கடினத் துகள்களை வீசியடித்தும் அமிலத்தில் தோய்த்தும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள், எலும்பணுக்கள் பற்றிக்கொள்ள. கிருமி நீக்கிக் குப்பியில் அடைத்த பிறகு மனிதக் கை அதைத் தொடுவதில்லை. சுவிட்சர்லாந்து, சுவீடன், தென்கொரியா, இஸ்ரேல் என்று பல நாடுகளின் குப்பிகள் தமிழ்நாட்டுப் பல் மருத்துவமனைகளுக்கு வருகின்றன.

சிர்கானின் பயணம் வேறு. அதைக் காரத்தோடு உருக்கி, அமிலத்தில் கரைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் யுரேனிய, தோரியத் தடயங்களை நீக்கி, வெண்ணிறச் சிர்கோனியாப் பொடியாக்குகிறார்கள். இந்தப் பொடிக்கு ஒரு குறை இருந்தது. சுட்டு ஆறவைக்கும்போது அதன் படிகக் கட்டு மாறி, பருமன் நூற்றுக்கு நான்கு பங்கு போல் கூடி, பொருள் தானே விரிசல்விட்டு உடைந்துபோகும். கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு சேர்த்தால் அந்த மாற்றம் தள்ளிப்போகிறது. 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் இந்தக் குறையையே பலமாக மாற்றலாம் என்று காட்டினார்கள். சிர்கோனியாவில் விரிசல் ஒன்று ஓடத் தொடங்கினால், அதன் முனையில் இருக்கும் படிகங்கள் அந்த அழுத்தத்தில் மாறிப் பருத்து, விரிசலை நெரித்து நிறுத்திவிடுகின்றன. பீங்கான் குடும்பத்தில் இப்படித் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் பொருள் அரிது. முதலில் இடுப்பு மூட்டுக்குப் போய், பிறகு வாய்க்கு வந்தது.

பல்லுக்குத் தொப்பி போடும் வழக்கம் பழையது. நம் பாட்டிமாரின் சிரிப்பில் மின்னிய தங்கப் பல்லும் அதே வம்சம். 1880களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சார்லஸ் லேண்ட் பீங்கான் கேப்புக்கு வழி கண்டார். தனியாக அட்லான்டிக்கைப் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கின் தாய்வழிப் பாட்டனார் அவர். 1960கள் முதல் உள்ளே உலோகம், வெளியே பீங்கான் என்ற கேப் பரவியது. நாளாவட்டத்தில் ஈறு கீழிறங்கும்போது விளிம்பில் தெரியும் கருங்கோடு அதன் அடையாளம். சிர்கோனியாவில் அந்தக் கோடு இல்லை. சுண்ணக்கட்டிப் பதத்தில் இருக்கும் வட்டத் தட்டிலிருந்து, வேண்டிய அளவைவிட நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு பெரிதாகக் கேப்பைக் கடைகிறார்கள். 1,500 டிகிரி அளவில் உலையில் வைத்தால் அது சுருங்கி, சரியான அளவுக்கு வந்து நிற்கும். மேற்பரப்பை நன்றாக மெருகேற்றிய கேப் எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது. வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துச் சரிசெய்த இடத்தை மெருகேற்றாமல் விட்டால் தேய்க்கும். கேப் போட்டுக்கொள்கிறவர்கள் இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

இனி வாய்க்குள் வருவோம். பல் மருத்துவமனைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

“டாக்டர், இதுக்கு ரூட் கேனல், அப்புறம் கேப்புன்னு எத்தன தடவ வர்றது? புடுங்கிட்டு ஒரேயடியா ஸ்க்ரூ வச்சிருங்க.”

“அம்மா, மேல பாதி உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான். வேர் ரெண்டும் நல்லா இருக்கு. ஸ்க்ரூ எப்ப வேணும்னாலும் வைக்கலாம்மா. புடுங்குன வேர திரும்ப வைக்க முடியாது.”

அந்த மருத்துவர் சொல்வதில் நான் முழு மனதோடு உடன்படுகிறேன். கேப்பும் இம்ப்ளான்டும் ஒரே தட்டில் வைத்து விலை பார்க்க வேண்டிய இரண்டு சரக்குகள் அல்ல. கேப்புக்கு வேர் வேண்டும். வேர் இல்லாத இடத்துக்குத்தான் இம்ப்ளான்ட். ஆகவே முதல் கேள்வி எப்போதும் வேரைப் பற்றியது.

வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவே உள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கடிக்கும் பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. சோற்றில் சிறு கல் தட்டுப்பட்டதும் வாய் சட்டென்று நின்றுவிடுகிறதே, அந்த உணர்வில் பெரும்பங்கு அந்தப் படலத்தின் நரம்புகளுக்கு உரியது. ரூட் கேனல் செய்த பல்லிலும் படலம் உயிரோடுதான் இருக்கிறது. எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை மட்டும். இம்ப்ளான்டுக்கு இந்தப் படலம் இல்லை. அது எலும்போடு எலும்பாக நிற்கிறது. பாரம் நேரே எலும்புக்குப் போகிறது, உணர்வும் குறைவு.

ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல் உடைவதற்குக் காரணம் அது ‘செத்துப்போனது’ என்று பலர் நினைக்கிறார்கள். சொத்தையும் அதைத் தோண்டிய வழியும் பல்லின் சுவர்களைத் தின்றுவிட்டதுதான் உண்மையான காரணம். மிச்சமிருக்கும் சுவர்கள் மெல்லும்போது விலகி விலகிப் பிளக்கின்றன. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டுவதுபோல், கேப் அந்தச் சுவர்களைச் சுற்றி வளைத்து ஒன்றாகப் பிடிக்கிறது. பிடிப்பதற்கு ஈறுக்கு மேலே, சுற்றிலும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் வேண்டும். இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் முடிவின் பெரும்பகுதி இருக்கிறது. அது இருந்தால் கேப் பல்லாண்டு நிற்கும். கொஞ்சம் குறைந்தால் ஈறையும் எலும்பையும் சற்று ஒதுக்கியோ, கம்பி கட்டி வேரை மெல்ல மேலே இழுத்தோ ஈடுகட்டலாம். அறவே இல்லையென்றால், உள்ளே கம்பம் நட்டு மேலே எதைப் போட்டாலும் ஒரு நாள் கம்பத்தோடு கையில் வந்துவிடும், அல்லது வேரைப் பிளந்துவிடும்.

வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டால் பல்லின் கதை முடிந்தது. அந்தப் பிளவை ஒட்டும் பசை இன்னும் கிடைக்கவில்லை. சொத்தை எலும்புக்குள் இறங்கிவிட்டாலும், ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் ஆடினாலும் அப்படியே. அந்த நிலையில் பல்லை விடமாட்டேன் என்று மாத்திரையில் ஓட்டுவதும் தவறு. உள்ளே தங்கும் சீழ் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். நாளை இம்ப்ளான்ட் ஊன்ற வேண்டிய நிலம் அதுதான். பல்லைப் பிடுங்கிய பிறகும் எலும்பு சும்மா இருக்காது. பல்லைத் தாங்கவே வளர்ந்த அந்த விளிம்பு, முதல் ஓராண்டிலேயே தன் அகலத்தில் பாதி அளவுக்கு ஒடுங்கிவிடக்கூடும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஆண்டுக்கணக்கில் விட்டவர்களுக்கு எலும்புப் பொடி வைத்து மேடு கட்டும் கூடுதல் சிகிச்சை தேவைப்படுவது இதனால்.

ரூட் கேனல் செய்து கேப் போட்ட பல்லையும் இம்ப்ளான்டையும் ஒப்பிட்ட பல ஆய்வுத் தொகுப்புகள், நீண்டகாலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு நிலைக்கின்றன என்றே சொல்கின்றன. அப்படியிருக்க, காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கி, சில மடங்கு கூடுதலான பணத்தையும் மாதக்கணக்கான காத்திருப்பையும் ஒருவர் ஏன் ஏற்க வேண்டும்? “இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வரும்” என்ற விளம்பரப் பேச்சு எனக்குக் கவலை தருகிறது. திருகாணிக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு வீங்கும்; எலும்பு கரையும். நார்ப்படலம் இல்லாததால் தொற்று நேரே எலும்புக்குப் போகிறது, பெரும்பாலும் வலியே இல்லாமல். ஈறு நோயால் பல்லை இழந்தவர், அந்த நோயை முதலில் கட்டுப்படுத்தாமல் இம்ப்ளான்ட் வைத்தால் அதே நோய் இம்ப்ளான்டையும் பிடிக்கும்.

சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊர் நம்முடையது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இம்ப்ளான்டுக்குத் தடையில்லை. ஏறியிறங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு ஒட்டுவது தாமதமாகும், தொற்றும் எளிதாகப் பற்றும். பீடி, சிகரெட்டும் அதே கேட்டைச் செய்கின்றன. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிற பெண்கள் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும். தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே. விளையாட்டில் முன்பல்லை இழந்த பதினான்கு வயதுப் பையனுக்கு அவசரப்பட்டு இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது. தாடை வளரும், சுற்றியுள்ள பற்கள் அதோடு கீழிறங்கும், இம்ப்ளான்ட் மட்டும் வைத்த இடத்திலேயே நின்று குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடியும்வரை கழற்றி மாட்டும் பல்லோ வேறு தற்காலிக ஏற்பாடோ போதும்.

கேப்பும் விலையில்லாமல் வருவதில்லை. அதற்காகப் பல்லைச் சுற்றிலும் செதுக்குகிறார்கள். செதுக்கிய எனாமல் திரும்ப முளைக்காது. சின்ன அடைப்பு போதுமான பல்லுக்குக் கேப் வேண்டியதில்லை. கேப் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று விளிம்பைச் சுத்தம் செய்யாமல் விட்டால், கேப்புக்கு அடியில் சொத்தை புகுந்து வேரோடு கொண்டுபோகும். சிர்கோனியா அப்படியே இருக்கும். அதைத் தாங்கிய பல் இராது. பல் போன இடத்துக்கும் இம்ப்ளான்ட் ஒன்றே வழி என்பதில்லை. இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் ஏற்கெனவே கேப் தேவைப்படுமானால், அவற்றையே தாங்கலாகக் கொண்டு இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் நல்ல முடிவு. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று போய், மெல்லுவதில் குறையில்லை என்றால் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடவும் செய்யலாம். பணம் தடையாக இருந்தால், 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்குத் தயங்காமல் போகலாம். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் பல்லைப் பிடுங்கலாமா கூடாதா என்று இன்னொரு கண் பார்த்துச் சொல்லும்.

வேர் போய்விட்டது, எலும்பு இருக்கிறது, உடம்பும் ஒத்துழைக்கிறது என்றால் இம்ப்ளான்ட் பெரிய கொடை. பக்கத்துப் பற்களைத் தொடாமல் ஒரு பல்லைத் தருகிறது. முப்பரிமாண ஸ்கேனில் கீழ்த்தாடை நரம்பு எங்கே ஓடுகிறது, மேல்தாடையில் சைனஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து இடம் குறிக்கிறார்கள். நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும் என்பதால் இது சடங்குக்குச் செய்யும் ஸ்கேன் அல்ல. எலும்பு பிடித்த பிறகு திருகாணியின் மேல் ஒரு சிறு தண்டைப் பொருத்தி, அதன்மேல் பல்லை வைக்கிறார்கள். அந்தப் பல் பெரும்பாலும் சிர்கோனியாக் கேப். ஆலையில் காந்தத்தின் முன்னால் பிரிந்த இரண்டு மணிகளும் இங்கே ஒன்றின்மேல் ஒன்றாக உட்காருகின்றன.

இம்ப்ளான்ட் வைத்தவர்கள் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குப்பியோடு வரும் ஒட்டுச்சீட்டில் நிறுவனத்தின் பெயர், விட்டம், நீளம், தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். உள்ளே தண்டைப் பிடித்திருக்கும் சிறு திருகு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வடிவம். அதைத் திருப்பும் கருவியும் வேறு. பத்தாண்டு கழித்து வேறு ஊரில் அந்தத் திருகு தளர்ந்தால், எந்த நிறுவனம் என்று தெரியாமல் மருத்துவர் தவிப்பார். ஆகவே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கேப் போட்டவர்கள் அன்று எடுத்த எக்ஸ்ரேயின் படியை வாங்கிக்கொள்ளலாம். பின்னால் வேரில் நிழல் தெரிந்தால் அது புதிதா பழையதா என்று சொல்ல அடுத்த மருத்துவருக்கு வேறு சாட்சி கிடையாது.